உச்சப் புள்ளியை எடுத்தவள்

காந்தி மார்க்கெட்டில் இருக்கும் என் தக்காளி மண்டிக்கு ஒரு நாள் காலையில் தங்கை வந்தாள். கைபேசியை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். வட்டமான தட்டு ஒன்று, அதில் ரவையைத் தெளித்த மாதிரி வெண்புள்ளிகள். "ஒவ்வொரு புள்ளியும் குணம் மாறின ஒரு பாக்டீரியாவோட குடும்பம்ண்ணே. மருந்து ஊத்தினதுல எவ்வளவு கூடியிருக்கு பாரு!" என்றாள். சுமை இறக்க வந்தவர்கள்கூட நின்று பார்த்தார்கள்.

ஸ்ரீரங்கத்து வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போனவர்கள் நாங்கள் இருவர்தான். நான் பி.காம் முடித்து அப்பாவின் மண்டியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் நுண்ணுயிரியலில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தாள். தான் செய்வதை எனக்குப் புரியவைக்காமல் விடமாட்டாள். இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும் ஆக்சிஜன், பாக்டீரியாவின் டி.என்.ஏ.வையும் அரிக்கும். அரித்த இடத்தைச் சரிசெய்யும்போது சில சமயம் இழையே அறுந்துபோகும். அறுந்ததை ஒட்ட, அதைப் போலவே இருக்கும் இன்னொரு இழையைப் பார்த்துத்தான் நகலெடுக்க வேண்டும். அந்த இழை வேறொரு பாக்டீரியாவிடமிருந்து வந்ததாக இருந்தால், அதன் குணமும் கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும். அப்படி அரிக்கிற மருந்தை ஊற்றி, பிழைத்தவற்றில் எத்தனைக்குக் குணம் மாறியது என்று எண்ணுவதுதான் அவள் ஆராய்ச்சி. மருந்து கூடக்கூட மாற்றமும் கூடியது. ஒரு கருத்தரங்கில் அந்த வரைபடத்தின் உச்சப் புள்ளிக்குப் பெரிய கைதட்டல் கிடைத்தது. ஊரிலேயே ஒரு கல்லூரியில் ஆசிரியர் வேலையும் காத்திருந்தது. ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டால் போதும்.

கொடுக்க வேண்டிய சமயத்தில் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கேட்டதற்கு, மண்டியில் ஒரு பெட்டியைக் காட்டினாள்.

"இதுல அழுகினதைப் பொறுக்கிப் போட்டா, நல்ல பழம் கூடின மாதிரி தெரியும்ல?"

"தெரியும்."

"ஆனா ஒரு பழம்கூடப் புதுசா வரல. மருந்துல நிறைய பாக்டீரியா செத்துப்போகுதுண்ணே. குணம் மாறினது மட்டும் கொஞ்சம் அதிகமாத் தாங்குதுன்னா, நான் பாத்த ஏத்தம் பொய்."

எனக்குக் கோபம் வந்தது. "கொடுக்கிறதும் கொடுக்காததும் உன் முடிவு" என்று ஆய்வுக்கு வழிகாட்டும் அவளுடைய கைடு மேடமே சொல்லிவிட்டாராம். "யாரு பாப்பா இதையெல்லாம் கேக்கப் போறாங்க? வேலையைப் பாரு" என்றேன்.

"யாரும் கேக்க மாட்டாங்க. நான் கேட்டுட்டேனே."

திரும்பவும் ஆய்வகத்துக்குப் போனாள். குணம் மாறியதையும் மாறாததையும் தெரிந்த அளவில் கலந்து, மருந்தை ஊற்றி, பிழைத்தவற்றை எண்ணினாள். மருந்து குறைவாக இருந்தபோது கலந்த விகிதம் அப்படியே இருந்தது. ஆகவே அங்கே கண்ட ஏற்றம் உண்மை. இழையை ஒட்டும் மரபணு இல்லாத பாக்டீரியாவில் அந்த ஏற்றம் வரவே இல்லை என்பது இன்னொரு சாட்சி. ஆனால் மருந்து அதிகமானபோது விகிதமே மாறியது. கைதட்டல் வாங்கிய உச்சப் புள்ளி பொய். அதை ஆய்வேட்டிலிருந்து எடுத்துவிட்டாள். அதற்குள் அந்த வேலைக்கு வேறொருவரை எடுத்துவிட்டார்கள். அம்மா கொஞ்ச நாள் அவளோடு சரியாகப் பேசவில்லை.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வு அன்று மண்டியை அடைத்துவிட்டு அம்மாவோடு கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஆய்வேட்டைப் புரட்டிவிட்டு, கருத்தரங்கில் காட்டிய பெரிய ஏற்றம் இதில் ஏன் இல்லை என்று ஆங்கிலத்தில் கேட்டார். அது தவறு, நானே கண்டுபிடித்து நீக்கிவிட்டேன் என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, எப்படிக் கண்டுபிடித்தாய், பலகையில் எழுதிக் காட்டு என்றார். எழுதத் தொடங்கினாள்.

"என்னடா சொல்றா?" என்று அம்மா என் கையைப் பிடித்தார்.

"முன்னாடி காட்டினது தப்புன்னு சொல்றாம்மா."

"அதுக்கு நீ ஏன்டா சிரிக்கிற?"

பலகையைப் பார்க்கச் சொல்லிக் கை காட்டினேன்.

பட்டம் வாங்கிய பிறகு வேறொரு ஊரில் வேலை கிடைத்துப் போனாள். இன்று அங்கே அவளுக்கென்று ஒரு சிறிய ஆய்வகம் இருக்கிறது. மார்க்கெட்டில் யாராவது விசாரித்தால், துருவில் தொடங்கி ஒட்டிய இழை வரை முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் பில் போடுகிறேன். போன வாரம் வெங்காய மண்டிக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அம்புட்டும் உங்க தங்கச்சி கண்டுபிடிச்சதாங்க?" என்றார்.

"இல்லைங்க, அதுல ஒரு துளிதான்" என்றேன். "ஆனா அந்தத் துளி நிசம்."