மூன்று விநாடி வருகை

என் பழைய கைபேசியில் மூன்று விநாடிக் குரல் பதிவு ஒன்று இருக்கிறது. ஒரு சிறுமி "உள்ளேன் அம்மா" என்கிறாள். பின்னால் ஒரு காக்கா இரண்டு முறை கரைகிறது. கொரோனாவில் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தபோது, காலை எட்டரைக்குள் வாட்ஸ்அப் குழுவில் குரல் வந்தால் வருகை உண்டு என்று விதி வைத்தவள் நான்தான். இவளுடையது ஒரு நாளும் தவறியதில்லை. பதிவேட்டில் குறி போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவேன். நாற்பது பிள்ளைகள், நாற்பது உள்ளேன். யார் உட்கார்ந்து கேட்பது?

மயிலாப்பூரில் எங்கள் பள்ளி மறுபடி திறந்த அன்று அவள் எட்டாம் வகுப்பு. முழு வருகைக்கென்று சான்றிதழ் ஒன்று கொடுத்து, வகுப்பைக் கைதட்டச் சொன்னேன். அந்த ஜோரிலேயே தமிழ்ப் புத்தகத்தை நீட்டி, "படிம்மா" என்றேன். அவள் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினாள். இரண்டாவது வரியில் நின்றுவிட்டாள். கடைசி பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். "தினமும் வந்தியே, தூங்கவா வந்தே?" என்றேன் நான். வகுப்பே சிரித்தது. மறுநாள் அவள் வரவில்லை.

ஆசிரியர் அறையில் காரணத்துக்கா பஞ்சம்? செல்போன் பைத்தியம் என்றார் ஒருவர். கல்யாணம் பேசியிருப்பார்கள் என்றார் இன்னொருவர். பெருங்குடிக்கு வீடு மாறியிருப்பார்கள் என்றும் ஒரு பேச்சு. மேலிடத்துக்கு அனுப்பும் படிவத்தில் 'குடும்பச் சூழல்' என்று எழுதினேன். அந்தக் கட்டத்தை நிரப்ப அதைவிட வசதியான சொல் கிடையாது.

மூன்றாம் வாரம், அவள் வீடிருக்கும் கடற்கரைக் குப்பமான நொச்சிக்குப்பத்துக்குப் போனேன். சாலையோரம் மீன் விற்கும் அவள் அம்மா, வஞ்சிரத்தைத் துண்டு போட்டபடியே பேசினார்.

"இன்னா டீச்சர், கொரல் வந்தா போதும்னு நீங்கதானே சொன்னீங்கோ? ஒரு வாட்டி பேச வச்சு எட்த்துக்கினேன். தெனம் அதையே தட்டி வுட்டுக்கினு இருந்தேன். வூட்டுக்கு ஒரே போனு, அதான் என் யாபாரம். அடையாறு கஸ்டமருங்க கூப்ட்டுக்கினே இருப்பாங்கோ. அத்த பொண்ணு கைல குட்த்தா நான் இன்னா பண்றது?"

அவர் குரலில் குற்ற உணர்வு துளியும் இல்லை. இருக்கவும் நியாயமில்லை. நான் கேட்டதைத்தான் அவர் ஒரு நாள் தவறாமல் அனுப்பியிருந்தார். குழுவில் நாங்கள் அனுப்பிய ஒரே ஒரு பாடத்தைக்கூட அந்தப் பெண் கேட்டிருக்கவில்லை.

பக்கத்திலேயே இருந்த அவர்கள் வீட்டில் மாதா படத்துக்குக் கீழே என் கையெழுத்துப் போட்ட சான்றிதழ், லேமினேஷன் செய்து தொங்கியது. அவள் வாசலுக்கு வந்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நான் வர மாட்டேன் டீச்சர். எல்லாரும் சிரிப்பாங்கோ. அந்தப் பேப்பர வோணா எட்த்துக்கினு போய்டுங்கோ."

தப்பு என்னுடையது என்று சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தது. சிரிப்பை ஆரம்பித்து வைத்தவளே நான்தானே. ஆனாலும் என் வாயிலிருந்து வந்தது "நாளைக்கு வந்துடு, என்ன?" என்பது மட்டும்தான். அவள் வரவில்லை. ஆண்டு முடிவில் அவள் பெயரை நீக்கியபோது வெட்கமாக இருந்தது. தப்பு என்னுடையது என்று அவளிடம் சொல்லவும் இல்லை, மறுபடி போகவும் இல்லை.

போன வாரம் மீன் வாங்கப் போனேன். அம்மாவுக்குப் பக்கத்தில் அவள் சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள், ஆள் வளர்ந்துவிட்டாள். போனில் ஏதோ செய்தி வந்தது. எடுத்துப் பார்த்தாள். எழுத்தில் வந்திருந்தது போல. பக்கத்துக் கடைக்காரரிடம் நீட்டினாள். அவர் படித்துச் சொன்னார். நான் நிற்பதைப் பார்த்ததும் போனை இடுப்பில் செருகிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டாள். "அந்தப் பேப்பரு இன்னும் மாட்டித்தான் கீது டீச்சர்," என்றார் அம்மா, பெருமையாக.

வீட்டுக்கு வந்து பழைய கைபேசியை மின்னேற்றினேன். குழுவில் அவள் பதிவுகளை ஒவ்வொரு நாளாகக் கேட்டுக்கொண்டே போனேன். திங்கள், உள்ளேன் அம்மா. செவ்வாய், உள்ளேன் அம்மா. மழை கொட்டிய நாள், ஊரே வெயிலில் வெந்த நாள், எல்லா நாளும் அதே காக்கா, அதே இரண்டு முறை. தொடர்ந்து இரண்டே இரண்டு நாள் காது கொடுத்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.