வளையம் கழற்றிய சனி

எட்டாம் வகுப்பில் அறிவியல் கண்காட்சிக்கு டீச்சர் கோள்களைப் பங்கு பிரித்தபோது எனக்குச் சனி வந்தது. தெர்மாகோல் உருண்டைக்கு மஞ்சள் அடித்து, கல்யாணப் பத்திரிகை அட்டையில் வளையம் வெட்டி மாட்டினேன். அவ்வளவு லட்சணம். பெருமையோடு நடுவீட்டில் கொண்டுவந்து வைத்தேன்.

அம்மா அதைப் பார்த்ததும் வாசலைக் காட்டினாள். அப்பா அப்போது கத்தாரில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு ஏழரைச் சனி என்று இலுப்பூர் ஜோசியர் சொல்லியிருந்தார். கம்பெனி விசாவைப் புதுப்பிக்குமா என்பது அந்த வாரம்தான் தெரிய வேண்டும். சனிக்கிழமை தவறாமல் எள் விளக்குப் போட்டு அம்மா யாரை அனுப்பிவைக்கப் பாடுபட்டாளோ, அவரை நான் பசை போட்டு ஒட்டி உள்ளே அழைத்து வந்திருந்தேன்.

“ஏற்கெனவே உக்காந்திருக்கவரு பத்தாதா? இன்னொருத்தரச் செஞ்சு வேற தூக்கிட்டு வரணுமா?”

சனிக்கோளில் தரையே கிடையாது, எல்லாம் வாயு, அங்கே யாரும் உட்காரவே முடியாது என்று பாடப்புத்தகத்தைத் திறந்து வாதாடினேன். எடுபடவில்லை. அழுதுகொண்டே வாசற்படியில் நின்றேன்.

சித்தப்பாதான் வழி கண்டுபிடித்தார். வளையத்தைக் கழற்றினார். குறுக்கே பழுப்புக் கோடுகள் இழுத்தார். வியாழனில் அடிக்கும் பெரும்புயலுக்காக அம்மாவின் சிவப்பு ஒட்டுப்பொட்டு ஒன்றைக் கீழ்ப்பக்கம் ஒட்டினார்.

“இப்ப இது வியாழன், அண்ணி. குரு பகவான். வீட்டுக்கு வந்தா நல்லதுதானே?”

அம்மா சூடம் காட்டி உள்ளே சேர்த்துக்கொண்டாள்.

கண்காட்சி மேசையில் வியாழன் இரண்டாகிவிட்டது, சனியைக் காணோம். சனிக்காக நான் கேட்டு வைத்திருந்த தண்ணீர் வாளி மட்டும் இருந்தது. பரிசு தர வந்த அய்யா, வியாழனைத் தண்ணீரில் போட்டால் என்ன ஆகும் என்று கேட்டார். மூழ்கிவிடும், சனி மட்டும்தான் அத்தனை பெரிய உருவம் இருந்தும் தண்ணீரைவிட லேசு, அதுதான் மிதக்கும் என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். அவர் என் வியாழனை எடுத்து வாளியில் போட்டார். அது ஜம்மென்று மிதந்தது.

“அய்யா, அது உள்ளுக்குள்ள சனிதாங்க” என்றேன்.

களிமண் வியாழன் செய்தவளுக்குப் பரிசு போனது.

அன்று சாயங்காலம் அப்பா போனில் பேசினார். விசாவைப் புதுப்பிக்கவில்லையாம், அடுத்த வாரம் ஊருக்கே வந்துவிடுகிறாராம். அம்மா போனை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து அழுதாள். எனக்கோ சந்தோஷம் தாளவில்லை. மூன்று வருஷமாகப் பார்க்காத அப்பா வருகிறார். தெருவில் இறங்கி வீடு வீடாகச் சொன்னேன். கேட்டவர்கள் ஒவ்வொருவராக வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். இவ்வளவு நல்ல சேதிக்கு ஒருவர்கூடச் சிரிக்கவில்லையே என்று எனக்கு அவர்கள்மேல் கோபமாக இருந்தது.