தூண்டலும் தூங்கலும்

சித்தி அந்த வேலைக்குப் போனது மூன்று வாரத்துக்குத்தான். பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருந்த பெண் கல்யாணத்துக்கு விடுப்பு எடுத்திருந்தார். போனவர் திரும்பி வரவில்லை, சித்தியும் எழுந்திருக்கவில்லை. பதினேழு வருடம் ஆகிவிட்டது.

வாசல் கதவைத் திறக்கும் விதத்தை வைத்தே யார் நல்லபடியாக உள்ளே போவார், யார் “வண்டியப் பூட்டிட்டு வந்துடறேன்” என்று சொல்லிவிட்டுக் கம்பி நீட்டுவார் என்று சித்திக்குத் தெரியும். இரண்டாம் வகையறாவிடம், “சாவிய இங்க வச்சிட்டுப் போய்ப் பூட்டுங்க சார்” என்பார். அவர்களும் குழம்பிப்போய் உட்கார்ந்துவிடுவார்கள்.

நாற்பத்து நான்காவது வயதில், பல்கலைக்கழகத்தில் சேர்ந்து உளவியல் படிக்கப் போவதாக வீட்டில் அறிவித்தார்.

“மனசுன்னு ஒண்ணு இருக்கறதே நீ திட்டும்போதுதான் எனக்குத் தெரியும்,” என்றார் சித்தப்பா. “அதுக்குன்னு தனியா ஒரு படிப்பா?”

“பதினேழு வருஷமா பயந்தவங்களோட மட்டுமே பேசிட்டிருக்கேன். அதுக்கு ஒரு சர்டிபிகேட் வேணாமா?”

சித்தப்பா சாவி வெட்டுபவர். வீட்டுக்குக் கீழேயே கடை. எந்தப் பூட்டையும் திறப்பார், சித்தி ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் அதை மட்டும் திறக்கத் தெரியாது.

படிப்பை இடையில் விட்டவர்களைப் பல்கலைக்கழகத்துக்குத் தயார்செய்ய நகரில் ஒரு மாலை வகுப்பு இருந்தது. உளவியல் அறிமுகத் தாள், ஒரு சிறு செய்முறை ஆய்வு, கடைசியில் வாய்மொழித் தேர்வு. தேறினால் பல்கலைக்கழகத்தில் இடம். ஆனால் அந்த வருடத்தோடு வகுப்பை மூடப்போகிறார்கள் என்று சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. அதாவது, சித்திக்கு இருந்தது ஒரே ஒரு வாய்ப்பு.

பாடக் குறிப்புகள் இன்னொரு மொழியில் இருந்தன. தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். நான் இரண்டு மொழியிலும் படித்தவள், அதனால் மொழிபெயர்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. பேசத்தான் எனக்குக் கூச்சம், எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன். அறுபது பக்கத்தையும் கைபேசியிலேயே தட்டினேன்.

நாம் ஒன்றைப் பார்க்கிறோம் அல்லது கேட்கிறோம், அது தூண்டல். அதற்கு உடம்போ மனமோ பதில் கொடுக்கிறது; அது துலங்கல். பள்ளிப் புத்தகத்தில் நான் படித்த அருமையான சொல். ஆனால் என் கைபேசிக்குத் துலங்கலைத் தெரியாது. அதற்குத் தெரிந்தது தூங்கல். நான் ஒவ்வொரு முறை துலங்கல் என்று தட்டும்போதும், பிள்ளை பாவம் பிழை விட்டுவிட்டாள் என்று அது சத்தமில்லாமல் திருத்திக்கொண்டே வந்திருக்கிறது. நானும் திரும்பிப் படிக்காமல் அச்செடுத்துக் கொடுத்துவிட்டேன்.

“ஒவ்வொரு தூண்டலுக்கும் ஒரு தூங்கல் உண்டு” என்று முதல் பக்கத்தில் இருந்தது. சித்திக்குத் துளிகூடச் சந்தேகம் வரவில்லை. அவருடைய காத்திருப்பு அறையில் மின்விசிறி ஓடும், தொலைக்காட்சி ஓடும், எல்லாரும் தூங்குவார்கள். எதுகையாகவும் இருந்ததால் சுலபமாக மனப்பாடம் ஆயிற்று.

நாயை வைத்துச் செய்த ஆய்வு வரும் பக்கத்திலாவது இடித்திருக்க வேண்டும். சாப்பாடு வைக்கும்போதெல்லாம் மணி அடிக்கிறார்கள். சில நாளில் மணிச் சத்தம் கேட்டாலே நாய்க்கு எச்சில் ஊறுகிறது. “இதுவே பழக்கப்பட்ட தூங்கல் எனப்படும்.”

அந்தப் பக்கத்தைப் படித்த அன்று சித்தி என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டுப் பாராட்டினார். “எவ்வளவு கரெக்டா எழுதியிருக்கான் பாருடி! எச்சில் ஊறினா தூக்கம்னுதானே அர்த்தம்? உங்க சித்தப்பா தலையணைய வந்து பாரு.”

அவர் சொன்னது என்ன என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை. “ஆமா சித்தி” என்று வைத்துவிட்டேன்.

செய்முறை ஆய்வுக்கு ஆள் தயாராக வீட்டிலேயே இருந்தார். பங்கேற்பவரிடம் சம்மதக் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது விதி.

“எதுக்கு இது?” என்றார் சித்தப்பா.

“நீங்க தூங்கறதுக்கு.”

“அதுக்கு எதுக்கும்மா கையெழுத்து? சும்மாவே தூங்குவேனே.”

மருத்துவமனை மேசையில் ஒரு பழைய அழுத்துமணி இருந்தது. தலையில் தட்டினால் ‘டிங்’ என்னும். சித்தி அதைக் கேட்டு வாங்கி வந்தார். மதியம் ஒன்றரைக்குச் சித்தப்பா சாப்பிட்டுவிட்டுத் தலையணையில் தலை வைப்பார். வைத்த நொடியில் ஒரு டிங். தூங்கிவிட்டார் என்பதற்குச் சித்தி ஒரு அத்தாட்சி கண்டுபிடித்திருந்தார்: நிஜமாகத் தூங்கினால் அவருடைய இடது கால் பெருவிரல் மட்டும் தாளம் போடும். எழுந்த பிறகு தலையணையில் இருக்கும் ஈரத்தை அளவு நாடாவால் அளந்து குறித்துக்கொள்வார். இருபது நாள் இப்படி.

இருபத்தோராம் நாள் விடுமுறை. காலை பதினொரு மணிக்குச் சித்தப்பா சாப்பாட்டு மேசையில் ஒரு சாவியை அரம் போட்டுக்கொண்டிருந்தார். சித்தி பின்னால் போய் ஒரு டிங் அடித்தார். சித்தப்பா அரத்தைக் கீழே வைத்தார், கொட்டாவி விட்டார், மேசையிலேயே தலையைச் சாய்த்துவிட்டார். பெருவிரல் ஆடிற்று. ஈரம் நாலு சென்டிமீட்டர்.

வாய்மொழித் தேர்வு நாளில் துணைக்கு நானும் போனேன். ஆய்வுக்கு உட்பட்டவர் என்ற கம்பீரத்தோடு சித்தப்பாவும் சலவைச் சட்டையில் வந்தார். தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் சித்தியின் ஆய்வேட்டை முதல்முறையாகப் பார்த்தேன். அட்டையில் கொட்டை எழுத்தில்: ‘தூண்டலும் தூங்கலும் – ஒரு வீட்டு ஆய்வு.’

பக்கங்களைப் புரட்டினேன். அட்டையோடு சேர்த்து இருபத்தேழு இடத்தில் தூங்கல்.

சொல்லாமல் இருந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். உள்ளே இருந்து இரண்டாவது ஆளின் பெயரைக் கூப்பிட்டார்கள். அடுத்தது சித்தி.

“சித்தி,” என்றேன். “அது தூங்கல் இல்ல. துலங்கல்.”

“எது?”

“எல்லாமே.”

சித்தி என்னைப் பார்த்தார், ஏட்டைப் பார்த்தார், சித்தப்பாவைப் பார்த்தார்.

“துலங்கல்னா?”

“பதில் மாதிரி, சித்தி. எதுவா வேணா இருக்கலாம். எச்சில், பயம், சிரிப்பு…”

“அப்ப தூக்கமும் இருக்கலாம்ல?”

நான் யோசித்தேன். “இருக்கலாம்.”

“அப்புறம் எதுக்குடி கண்ணக் கசக்கற? மூக்கச் சிந்து, மூஞ்சியத் தொடச்சுக்க.”

ஆனால் சித்தியின் கையில் இருந்த மணி லேசாகக் கிணுகிணுத்துக்கொண்டிருந்தது.

உள்ளே கண்ணாடி போட்ட தேர்வாளர் அம்மா ஏட்டைத் திறந்தார், மூடினார், மறுபடி அட்டையைப் பார்த்தார். ஆய்வுக்கு உட்பட்டவர் என்று சித்தப்பாவுக்கும் ஒரு நாற்காலி கிடைத்தது, நான் சுவரோரம் ஒண்டிக்கொண்டேன்.

“தூங்கலா?”

“சொல்லு தப்பு மேடம். இப்பதான் தெரிஞ்சுது,” என்றார் சித்தி. “ஆளு சரி. அடிச்சுக் காட்டட்டுமா?”

தேர்வாளர் அம்மா தலையசைத்தார். சித்தி மணியைத் தட்டினார். டிங்.

சித்தப்பா முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாழ்நாளில் அவர் அவ்வளவு விழிப்பாக இருந்ததில்லை. இன்னொரு டிங். சட்டென்று கண்ணை இறுக்க மூடினார். ஒரு குறட்டை வந்தது. பேருந்து மேடேறுவது போல அடுத்த குறட்டை. மனைவியின் படிப்புக்காக மனிதர் உயிரைக் கொடுத்துத் தூங்கினார்.

“அடேயப்பா,” என்று தேர்வாளர் அம்மா பேனாவை எடுத்தார்.

சித்தி குனிந்து சித்தப்பாவின் காலைப் பார்த்தார். பேசாமலே இருந்திருக்கலாம்.

“எழுதாதீங்க மேடம். பெருவிரல் ஆடல. இது நடிப்பு.”

குறட்டை நின்றது. சித்தப்பா ஒற்றைக் கண்ணைத் திறந்தார். “ஏம்மா, உனக்காகத்தானே…”

“நீங்க சும்மா இருங்க. ஒருநாள் ஆடாத விரல ஆடிச்சுன்னு எழுதினா, ஆடின இருபத்தோரு நாளையும் யாருங்க நம்புவாங்க?”

தேர்வாளர் அம்மா பேனாவைக் கீழே வைத்தார். “சரி. ஏன் தூங்கல? அதச் சொல்லுங்க.”

“பயம் மேடம். எங்க மேசையில இதே மணியத் தட்டினா பேஷண்ட்டெல்லாம் வாயை இறுக்கிப்பாங்க. வீட்டுல இதே மணிக்கு இவருக்கு வாய் திறந்துக்கும். மணில ஒண்ணுமில்ல. எந்த இடத்துல, எது கூடச் சேர்த்துக் கேட்டோம்கறதுலதான் எல்லாமே இருக்கு. இந்த ரூமுக்கு நான் அவரப் பழக்கல. உங்களப் பார்த்துப் பயந்துட்டார்.”

“என்னப் பார்த்தா?”

“எனக்கே பயமாத்தான் இருக்கு மேடம்.”

தேர்வாளர் அம்மா சிரித்தாரா, கொட்டாவி விட்டாரா என்று தெரியவில்லை. ஏட்டை எடுத்து ஈர அளவுப் பட்டியலைக் கடைசிவரை படித்தார். அட்டையில் மட்டும் ‘தூங்கலும்’ என்பதை அடித்துத் ‘துலங்கலும்’ என்று எழுதினார். கீழே சிவப்பு மையில்: ‘மீதி இருபத்தாறையும் நீங்களே திருத்திக்கொள்ளவும். தேர்ச்சி.’

பேருந்து நிறுத்தம் வந்ததும் சித்தி திடீரென்று என் தலையில் ஒரு குட்டு வைத்தார். உடனே அந்த இடத்தைத் தேய்த்தும் விட்டார்.

பேருந்தில் எனக்கும் ஜன்னலுக்கும் நடுவில் சித்தப்பா உட்கார்ந்தார். முன் இருக்கையில் சித்தி, மடியில் ஏடு. யாரோ இறங்குவதற்காகப் பொத்தானை அழுத்தினார்கள்.

டிங்.

என் தோளில் ஒரு தலை விழுந்தது. சித்தி விருட்டென்று திரும்பிக் குனிந்து பார்த்தார். செருப்புக்குள் இடது பெருவிரல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

“சித்தி, என் சட்டை நனையுது…”

“அசையாதடி,” என்று சித்தி கைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார்.