பதினாலு நாள் கிருமி

ஊரே கிருமியைக் கொல்ல மருந்து வாங்குகிறது. நாங்கள் அதே கிருமிக்குச் சோறு போட்டு வளர்த்து, எந்த மருந்துக்குச் சாகும் என்று பார்த்துச் சொல்லிப் பிழைக்கிறோம். லேபில் முதுகு ஒடிய உட்கார்ந்திருக்கும் சக பாவிகளே, இந்தக் கள்ளக்குறிச்சிக்காரனின் வயிற்றெரிச்சலைக் கேளுங்கள்.

கெடாத சதை

செல்லம்மா மலைமேல் இருக்கும் கரியாலூர்க்காரர். காய்ச்சலுக்கு இடுப்பில் போட்ட ஊசி சீழ் வைத்து, இரண்டு மாதமாக ஆறவில்லை. காசநோய்க் கிருமிக்கு ஒன்றுவிட்ட தம்பிகள் உண்டு. தண்ணீரில் வாழும், சுத்தமில்லாத ஊசி வழியே உடம்பில் ஏறும், லேசில் எந்த மருந்துக்கும் மசியாது. அதுதானா என்று பார்க்க, கிளினிக்கில் புண்ணைக் கீறிச் சதை எடுத்து அனுப்பினார்கள். எதில் போட்டு? ஃபார்மலினில்! பிணத்தைக் கெடாமல் வைக்கிற மருந்தில் எந்தக் கிருமி பிழைக்கும்? செத்ததை நான் எப்படி வளர்ப்பது? அந்த அம்மா மறுபடி மலையிறங்கி வந்து, மறுபடி கத்தி பட வேண்டியதாயிற்று. கிளினிக்குக்குப் போன் போட்டுக் கத்தினேன். கம்பவுண்டர் நிதானமாகச் சொன்னார்: "கெட்டுப் போவக் கூடாதுன்னுதான சார் ஊத்துனோம்?"

மூன்றாம் நாள்

இரண்டாவது சதையில் கிருமி வளர்ந்தது. ஒன்றுவிட்ட தம்பியேதான். சின்னச் சின்னக் குழிகள் உள்ள தட்டில், குழிக்கு ஒரு மருந்தாக ஊற்றிக் கிருமியை விட்டேன். குழி தெளிவாக இருந்தால் மருந்து வேலை செய்கிறது, கலங்கினால் இல்லை.

கிளாரித்ரோமைசின் மாத்திரை விஷயத்தில் இந்தக் கிருமி பலே கில்லாடி. மூன்றாம் நாள் அடங்கிக் கிடக்கும். மருந்து பட்டுப் பட்டு எதிர்க்கக் கற்றுக்கொண்டு, அப்புறம்தான் தலை தூக்கும். அதனால் பதினாலாம் நாளும் பார்த்தாக வேண்டும். இதைச் சொன்னபோது செல்லம்மா முகம் சுளிக்கவில்லை: "பதினாலு நாளுதானேங்க? சாமைய வெதச்சுட்டு மாசக்கணக்குல பாத்துக்கினு இருக்கறவங்க நாங்க."

கீழே ஒரு வரி

அவசரமெல்லாம் கிளினிக்குக்குத்தான். மணிக்கொரு தரம் கம்பவுண்டரின் போன். எங்கள் மேனேஜரும் சேர்ந்துகொண்டு நச்சரித்தார். மூன்றாம் நாள் கிளாரித்ரோமைசின் குழி தெளிவாகத்தான் இருந்தது. மருந்து வேலை செய்கிறது என்று எழுதி, 'இது முடிவல்ல, பதினாலாம் நாள் மறுபடி பார்க்க வேண்டும்' என்று ரிப்போர்ட்டின் கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். போட்டிருக்கக் கூடாது. இன்றும் என்மேலேயே எனக்கு ஆத்திரம்.

பதினாலாம் நாள் குழி கலங்கிவிட்டது. கிளினிக்குக்கு ஓடினேன். அந்த மாத்திரையை மட்டும் எழுதிக் கொடுத்துச் செல்லம்மாவை எப்போதோ அனுப்பியிருந்தார்கள். கீழே எழுதியிருந்தேனே என்றேன். கம்பவுண்டர் சிரித்தார்: "கீழ எழுதறதெல்லாம் யாரு சார் படிக்கிறாங்க?"

மறுபடியும் ஊசி

செல்லம்மா திரும்பி வந்தபோது, பழைய புண்ணுக்குப் பக்கத்தில் இன்னொன்று வாய் திறந்திருந்தது. இனி வேறு மருந்துகள். அதில் ஒன்று தினமும் ஊசி. பல வாரம் மலையிலிருந்து பஸ் ஏறி வர வேண்டும். ஊசியால் வந்த நோய்க்கு ஊசி! இது என்ன அநியாயம்? அவர் கம்பவுண்டரைத் திட்டவில்லை. என்னைத்தான் பார்த்தார்: "நாந்தான் பொறுத்துக்கினு இருக்கறேன்னு சொன்னேனேங்க, நீங்க இன்னாத்துக்கு அவசரப்பட்டீங்க?"

ஆக, பதினாலு நாள் பொறுத்திருக்கத் தெரிந்தது மொத்தத்தில் இரண்டே பேருக்குத்தான்: ஒன்று செல்லம்மா, இன்னொன்று அந்தக் கிருமி.