பேசாமல் தின்ன வேண்டிய சோறு

எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் ஜப்பான்காரப் பெண் செங்கம் சாலையில் சின்னதாக ஓர் உணவகம் நடத்துகிறாள். பிப்ரவரி தொடக்கத்தில் அவர்களுக்கு செத்சுபுன் என்றொரு பண்டிகை. குளிர்காலத்தை வழியனுப்பும் நாள். "நாளைக்கு அம்மாவுக்குக் கண் ஆபரேஷன்தானே? இன்னைக்கு வந்து சாப்பிடுங்கப்பா, நல்லது நடக்கும்" என்று அழைத்தாள்.

என் மனைவிக்கு ஒரு கண் எப்போதோ போய்விட்டது. மிச்சமிருந்ததிலும் புரை முற்றியிருந்தது. சகுனம், பரிகாரம் எல்லாவற்றையும் கிண்டல் செய்து பழகியவன் நான். அந்த வாரம் யார் எந்த நல்லதைக் கொடுத்தாலும் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

முதலில், அரிசியைப் புளிக்கவைத்து இஞ்சி போட்ட இனிப்புப் பானம் வந்தது. போதை ஏறுமா என்று மூன்று முறை கேட்டேன்.

"ஏறினா நல்லதுதான், ராத்திரி தூங்குவீங்க" என்றாள் மனைவி.

அடுத்து, கடல்பாசித் தாளில் தடிமனாகச் சுருட்டிய சோறு. முனையைத் திருப்பி உள்ளே இருந்த காய்களை எண்ணினேன்; ஏழு. அதை வெட்டக் கூடாது. அந்த வருடத்துக்கான அதிர்ஷ்டத் திசையைப் பார்த்து, ஒரு வேண்டுதலை நினைத்துக்கொண்டு, முடியும் வரை பேசாமல் தின்ன வேண்டும். பேசினால் வேண்டுதல் போச்சு. அந்த வருடத் திசை வடக்கு வடமேற்கு. அந்தக் கடையிலிருந்து பார்த்தால் நேராக மலை.

"அப்பா பேசாம இருப்பாங்களா?" என்று என் மனைவியிடம் கேட்டாள் கடைக்காரப் பெண்.

"இவரா? தூக்கத்துலயே கணக்கு சொல்ற ஆளு."

எங்களோடு கடையின் சமையல்காரர், காய்கறி கொடுப்பவர், ஒரு ஆட்டோக்காரர். ஐந்து பேரும் மலையைப் பார்த்து உட்கார்ந்தோம். அந்த ஒரு கண்ணை நினைத்துக்கொண்டு, பல்செட் கழன்றுவிடாமல், வாய்க்கு முப்பத்திரண்டு தடவை மென்றேன். பாதி தாண்டியிருப்பேன். காலையிலிருந்து உச்சியை மூடியிருந்த மேகம் சட்டென்று விலகியது.

"அண்ணாமலையாருக்கு அரோகரா!" என்றேன், வாய் நிறையச் சோற்றோடு.

"அரோகரா!" என்றனர் மூவரும்.

கடைக்காரப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "என்னா சார், பொண்ணு கல்யாணத்துக்கு வேண்டிக்கினு இருந்தேன். எல்லாத்தையும் காலி பண்ணிட்டீங்களே!" என்றார் ஆட்டோக்காரர்.

மனைவிக்கு உச்சி தெரியவில்லை. ஒரு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டு, மென்றபடியே இருந்தாள். அவள் ஒருத்திதான் முழுதாகத் தின்று முடித்தாள்.

"கண்ணுக்குத்தானே வேண்டிக்கிட்ட?" என்று கெஞ்சலாகக் கேட்டேன்.

"அதை நீங்க வேண்டுவீங்கன்னு விட்டுட்டேன். நாளைக்கு ஆஸ்பத்திரியில நீங்க வாயைத் தொறக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன்."

ஆக, கண்ணுக்கென்று ஒரு வேண்டுதலும் மிஞ்சவில்லை. பலிக்க வாய்ப்பிருந்த ஒன்றையாவது கெடுக்காமல் இருப்போம் என்று மறுநாள் வாயை இறுக மூடிக்கொண்டேன். நர்ஸ் வந்து நோயாளியின் வயதைக் கேட்டாள். விரல்களை விரித்துக் காட்டினேன். "பாவம், தாத்தாவுக்குப் பேச்சு வராது போல" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாள். கதவுக்குப் பின்னால் என் மனைவியின் சிரிப்பும், "அம்மா, ஆடாம படுங்க" என்ற டாக்டரின் அதட்டலும் கேட்டன. அதற்கும் நான் பேசவில்லை.

அடுத்த நாள் கட்டைப் பிரித்தார்கள். கண்ணைச் சுருக்கி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"பட்டனை மாத்திப் போட்டிருக்கீங்க."

குனிந்து எண்ணிப் பார்த்தேன். ஆமாம், ஒன்று தள்ளித்தான் போட்டிருந்தேன்.