முறை மாறும் நேரத்தில் கொதித்த இன்ஜின்

2024 ஜனவரி 24, புதன்கிழமை, காலை ஆறு மணி. மழை இல்லை, கடும்பனி. எழுமலைக்குத் தெற்கே எங்கள் கிணற்று மேட்டில் நின்றால், பத்தடி தள்ளியிருந்த என் மக்காச்சோளம் கண்ணுக்குத் தெரியவில்லை. அது பூ எடுத்திருந்தது. பூ எடுத்த சோளத்துக்கு அந்த நான்கைந்து நாளில் தண்ணீர் காட்டவில்லை என்றால் கதிர் வரும், மணி வராது. டிசம்பர் மழைக்குப் பிறகு கிணறு நிறைந்திருந்தும் மண் வெடித்துக் கிடந்தது. அன்றைக்கு நான் தண்ணீர் பாய்ச்சியே ஆக வேண்டும்.

கிணறு எனக்கும் சித்தப்பா மகனுக்கும் பொது. இரண்டு நாள் எனக்கு, இரண்டு நாள் அவனுக்கு. காலை ஆறு மணிக்கு முறை மாறும். மோட்டாருக்குக் கரண்ட் தரும் ட்ரான்ஸ்பார்மர் எரிந்து பதினோரு நாள் ஆகியும் ஒருவரும் எட்டிப் பார்க்காததால், எங்கள் அப்பன்மார் கூட்டாக வாங்கிய ஆயில் இன்ஜினைத் தூசி தட்டி எடுத்திருந்தோம். அந்த இன்ஜினுக்கு ஒரு சட்டம் உண்டு. எவரும் எழுதி வைத்ததில்லை, எவரும் மீறியதுமில்லை. யார் முறையில் பழுதாகிறதோ, செலவு அவனுடையது. பழுதுக்காக முறை ஒரு மணி நேரம்கூட நீளாது.

மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு சித்தப்பா மகன் எதிரே வந்தான்.

"ராத்திரி பூராம் ஓடுச்சுண்ணே. இப்பத்தேன் ஒரு மணி நேரமா நிறுத்தி வச்சிருக்கேன். போறேன்" என்றான்.

இன்ஜினைக் கைப்பிடி போட்டுச் சுற்றி ஓடவிட்டு, கடைசிப் பாத்தியில் மடை திருப்பப் போனேன். மூன்றாவது பாத்தி நிறைவதற்குள் சத்தம் மாறியது. ஒரே தாளத்தில் அடித்துக்கொண்டிருந்தது, மூச்சு வாங்குவதுபோல் இழுத்தது. ஓடிவந்து பார்த்தால் இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டிலிருந்து ஆவி. நிறுத்தினேன். அந்தச் சூட்டில் பச்சைத்தண்ணீரை ஊற்றினால் இரும்பு விரிசல் விடும் என்று தெரியும். கைகளைக் கட்டிக்கொண்டு ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன். நாற்பது நிமிடம். என் முறையில் நாற்பது நிமிடம்.

பிறகு ஒன்றொன்றாகப் பார்த்தேன். இந்த இன்ஜினைக் குளிர வைப்பது கிணற்றுத் தண்ணீரேதான். பம்பு இறைக்கும் பெரிய குழாயிலிருந்து விரல் பருமன் ஓஸ் ஒன்று பிரிந்து இன்ஜினுக்குள் போகும். சூட்டை வாங்கிக்கொண்டு மேலே ஒரு சின்னக் குழாய் வழியாக வெளியே கொட்டும். ஓஸில் வெடிப்பில்லை. வால்வு திறந்தே இருந்தது. ஓஸைக் கழற்றி இன்ஜின் பக்கத்து வாயில் என் வாயை வைத்து ஊதினேன். கன்னம் வலித்தது, மறுபக்கம் காற்று வந்த மாதிரியே இல்லை. அடைப்பு உள்ளே. மேல் குழாய்க்குள் கம்பியை விட்டேன். ஒரு விரற்கடை போனதும் முட்டியது. குறடால் பிடித்து இழுத்தபோது வந்தது வேப்பங்குச்சி. பச்சைக் குச்சி, சீவி, துணி சுற்றி, இறுக்கி அடித்த குச்சி.

ஓஸை மாட்டி மறுபடி ஓடவிட்டேன். தண்ணீர் நன்றாகக் கொட்டியது; எனக்கு உயிர் வந்தது. ஆனால் தண்ணீரோடு குமிழ் குமிழாகக் காற்றும் வந்தது. இன்ஜின் இருமியது. நிறுத்திவிட்டு உசிலம்பட்டி மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். அவர் பகல் ஒரு மணிக்கு வந்து, ஹெட்டைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"அடியில இருக்க கேஸ்கட்டு அட்டை கருகிருச்சு, ஹெட்டும் விரிசல் விட்டுருச்சு. காய்ச்சல்னா மாத்திரை குடுக்கலாம் சார். இதுக்கு மாலைதேன் போடணும். மதுரைக்குப் போயி வேற ஹெட்டு பாருங்க."

குச்சியை எடுத்துக்கொண்டு சித்தப்பா மகனின் வெங்காயக் காட்டுக்குப் போனேன்.

"இது என்னப்பா?"

"வேப்பங்குச்சிண்ணே. பல்லு வெளக்கலாம்."

"இன்ஜின்ல இதை வச்சது யாரு?"

"நான்தேன். என் முறையில வர்ற தண்ணி ஒன் எலுமிச்சைக்கு எதுக்குப் போகணும்?"

அந்தச் சின்னக் குழாய் கொட்டுவது என் வரப்பில். அங்கே எனக்கு இரண்டு எலுமிச்சை மரங்கள். நான்கடி ஓஸ் மாட்டி வாய்க்காலுக்குத் திருப்பியிருந்தால் போதும். யார் வாங்குவது என்ற பேச்சே எங்களுக்குள் வந்ததில்லை.

"அடைச்சா சூடாகாதாடா?"

"லேசாக் கசிய விட்டுத்தேன் அடைச்சேன். ஈரச்சாக்கப் போட்டு, மணிக்கொருக்கா நிறுத்தி ஓட்டுனேன். எனக்கு ஒழுங்கா ஓடுச்சு. விடியக்காலையில உருவ மறந்துட்டேன், அம்புட்டுத்தேன்."

"அப்பப் பாதிச் செலவு ஒன்னோடது."

"யாரு முறையில போச்சு?" என்றான். "போன தடவ என் முறையில பிஸ்டன் போனப்ப நீ எம்புட்டுண்ணே குடுத்த?"

கொடுக்கவில்லை. அது என் முறை அல்ல.

வியாழக்கிழமை திருமங்கலம் வழியாக மதுரைக்குப் போனேன். ஏழு கடை ஏறி இறங்கி, எட்டாவதில் பழைய ஹெட் ஒன்று கிடைத்தது. திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. காலையில் வருவதாக மெக்கானிக் சொன்னார். வெள்ளி காலை ஆறு மணிக்கு என் முறை முடிந்தது. ஒன்பது மணிக்கு இன்ஜின் ஓடியது. என் பணத்தில் பூட்டிய ஹெட், அவனுடைய முறை.

"ஒரு மணி நேரம் விடுப்பா. பூ கருகிக்கிட்டிருக்கு" என்றேன். அவனிடம் நான் எதையும் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

"என் வெங்காயமும் கருகிக்கிட்டுத்தேன் இருக்கு. நீ ஒரு மணி விடுவியாண்ணே?"

அவன் மடையைத் தன் பக்கம் திருப்பினான். பிறகு பிளாஸ்டிக் குடம் ஒன்றைக் கொண்டுவந்து சின்னக் குழாயின் கீழே வைத்தான். நிறைய நிறையத் தூக்கிக்கொண்டு போய்த் தன் பாத்தியில் ஊற்றினான். இன்னொரு குச்சி சீவவில்லை; அந்த மட்டுக்கும் புத்தி வந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு என் சோளத்துக்குத் தண்ணீர் போனது. அதற்குள் பூத்தூள் காய்ந்து கொட்டியிருந்தது. அறுப்பில் கதிரை உரித்தால் கிழவன் வாய் மாதிரி இங்கொன்றும் அங்கொன்றுமாக மணி. முந்தின போகத்தைவிட ஒன்பது மூட்டை குறைவு. மூட்டை இரண்டாயிரத்து இருநூறு என்று வியாபாரி எடுத்தார். அது பத்தொன்பதாயிரத்து எண்ணூறு. ஹெட், கேஸ்கட், மெக்கானிக் கூலி, பஸ் எல்லாம் சேர்த்து ஏழாயிரத்து முந்நூற்று நாற்பது. நான்கடி ஓஸ் வாங்காததற்கு மொத்தம் இருபத்தேழாயிரத்து நூற்று நாற்பது ரூபாய்.