சுல்பிகா அக்காவின் மாப்பிள்ளை அட்டைகள்

கல்யாண அழைப்பிதழ் ஒன்று கைக்கு வந்தால் சுல்பிகா அக்கா மாப்பிள்ளையின் பெயரையும் அவன் வாப்பாவின் பெயரையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொள்வார். பதினேழு வருடமாக ஆஸ்பத்திரி ஒன்றின் பதிவறையில் வேலை செய்கிறவர் அவர். மறுநாள் அலுமாரியில் அவனுடைய கிளினிக் அட்டையைத் தேடி எடுத்து, போட்டோ கொப்பி அடித்து, அவன் கையிலேயே கொடுத்துவிடுவார்.

எங்கள் கிழக்கிலங்கைக் கரையில் கல்யாணத்துக்குப் பிறகு பெண் பிறந்த வீட்டிலேயே இருப்பாள். மாப்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியோடு அவள் வீட்டுக்குப் போவான். பக்கத்து ஊர் என்றால் அவனுடைய ஆஸ்பத்திரியும் மாறும். அங்கே புது அட்டை திறப்பார்கள். மூச்சு முட்டு, வலிப்பு, ஒத்துக்கொள்ளாத மருந்து என்று பழைய அட்டையில் எழுதியதெல்லாம் உம்மா வீட்டு ஊரிலேயே நின்றுவிடும்.

அக்காவை நான் சந்தித்தது 'சுகவலை'யில். நான் நாவிதன்வெளிக்காரன், பெயர் பவிதரன். எங்கள் குடும்பத்தில் கம்பஸ் போன முதல் ஆள். பட்டம் எடுத்த கையோடு அந்தக் குழுவில் சேர்ந்தேன். அட்டைகளைக் கணினியில் ஏற்றி, ஓர் ஆஸ்பத்திரியில் பதிந்த நோயாளியின் விவரத்தை இன்னோர் ஆஸ்பத்திரியிலும் பார்க்க வைக்கும் மென்பொருள் எங்களுடையது. திறந்த மூலம் என்பதால் யாரும் எடுக்கலாம், யாரும் திருத்தலாம். சம்பளம் ஒருவருக்கும் இல்லை.

கல்முனையில் ஹாட்வெயார் கடை ஒன்றின் மேல்மாடியில் சனிக்கிழமைகளில் கூடுவோம். கீழே கம்பி வெட்டும் சத்தம் கேட்கும். அதற்கு மேலால் "அக்கரைப்பற்று, அக்கரைப்பற்று" என்று பஸ் கொண்டக்டர் கூப்பிடுவார். கதைப்பதற்குத் தொண்டை கிழியும். அந்தச் சத்தத்துக்காக இப்போது மனம் ஏங்குகிறது.

அடுத்த மூன்று வருடத்துக்குத் திட்டம் போட்ட நாள் நன்றாக நினைவிருக்கிறது. வேலைகளை ஐந்து தாள்களில் எழுதி மேசையில் பரப்பினோம். எங்களிடம் இருந்த ஆள்பலத்துக்கு முதல் வருடம் ஒரு வேலைதான் செய்ய முடியும். வாக்குப் போட ஆளுக்கு மூன்று வறுத்த கச்சான் கடலை. இந்த முறையைக் கண்டுபிடித்தவர் எங்கள் தலைவர் டொக்டர் சுஜீபன்.

என் தாளில் நோயாளிகளுக்கான கைபேசிச் செயலி. ஒரு மாதம் இருந்து படமெல்லாம் வரைந்திருந்தேன். அதைப் பற்றிப் பேச வெளிநாட்டு மாநாடு ஒன்றிலிருந்து அழைப்பும் வந்திருந்தது. கச்சான் அந்தத் தாளில்தான் குவிந்தது. அக்காவின் தாளில், ஓராளின் இரண்டு அட்டைகளையும் ஒன்றாக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. அதில் அவருடைய மூன்று மட்டுமே கிடந்தன.

"அது இப்பவே இருக்குதே அக்கா," என்றேன். "கலியாணமான ஆக்களிட்டப் பழைய விலாசம் கேக்கும். அத வச்சுப் பழைய அட்டையத் தேடிப் பிடிக்கும்."

"ஆருக்கிட்டக் கேக்கும்?"

மடிகணினியைத் திறந்து, பெண், திருமணமானவர் என்று அழுத்திக் காட்டினேன். பழைய விலாசம் கேட்கும் பெட்டி வந்தது.

"இப்ப ஆம்பிளையப் போடுங்க."

போட்டேன். பெட்டி வரவில்லை.

"பொம்பிள எங்க தம்பி போறா? அவ பொறந்த ஊட்டிலதானே இரிக்கா. ஒங்கட அப்பா எந்த ஊர்?"

"தம்பிலுவில்."

"இப்ப எங்க இரிக்கார்?"

"நாவிதன்வெளியில. அம்மாட வீட்டில."

என்னோடு புரோகிராம் எழுதும் நிஸாம் விழுந்து விழுந்து சிரித்தான். "கம்பஸில படிச்சுச் சொந்த அப்பாவையே காணாமலாக்கிட்டான்."

அந்தப் படிவத்தை வேறு நாட்டு மாதிரி ஒன்றைப் பார்த்து அப்படியே எழுதியவன் நான்தான். ஒரு வருடமாக அது எனக்குக் கண்ணில் படவேயில்லை.

"அடையாள அட்டை இலக்கத்த வச்சுப் பிடிக்கலாம்தானே?" என்று டொக்டர் கேட்டார்.

"சின்ன வயசில திறந்த அட்டையில அந்த நம்பர் ஏது டொக்டர்? என்ட தம்பி றிம்சானுக்கு வாற மாசம் நிக்காஹ். சாய்ந்தமருதிலிருந்து சம்மாந்துறைக்குப் போறான். ஏழு வயசில பென்சிலின் ஊசி போட்டு மூச்சு நிண்டவன். அது எங்கட அட்டையில சிவப்பு மையில இரிக்கி. அங்க திறக்கிற அட்டையில ஆரு எழுதுவா?"

"ஊருக்கெல்லாம் கொப்பி குடுக்கிற நீங்க, தம்பிக்குக் குடுக்க மாட்டீங்களா ராத்தா?" என்றான் நிஸாம். அக்காவை அவன் ராத்தா என்றுதான் கூப்பிடுவான்.

"குடுப்பன். அடையாள அட்டைய மூணு தரம் துலைச்சவன் அவன். அதோட, எனக்குக் கலியாணக் காட் வராத மாப்பிள்ளமாரும் இரிக்காங்கதானே?"

"எல்லாரும் கச்சானத் திருப்பி எடுங்க. முதல்ல இருந்து போடுவம்," என்றார் டொக்டர்.

"நான் ஒண்டத் திண்டுட்டன்."

"திண்டது செல்லாத வாக்கு, நிஸாம்."

மற்ற எல்லோரும் போட்டு முடித்தபோது என் செயலிக்கு ஒன்பது, அக்காவின் தாளுக்கு எட்டு. கையில் மூன்று கச்சானோடு நான் கொஞ்ச நேரம் நின்றேன். மாநாட்டுக்குப் போக வேண்டும் என்ற ஆசை இல்லாமலில்லை. மூன்றையும் அக்காவின் தாளில் வைத்தேன்.

வேலை கல்யாணத்துக்கு முந்தி முடியவில்லை. அதற்கு எட்டு மாதம் பிடித்தது. றிம்சான் போட்டோ கொப்பியோடுதான் சம்மாந்துறைக்குப் போனான். அக்கா கிழமைக்கொரு தரம் அவனுக்குப் போன் எடுத்து, "கொப்பி பத்திரமா?" என்று கேட்பார். "ஓம் ராத்தா, ஓம்," என்று அவன் சலித்துக்கொள்வது எங்களுக்கும் கேட்கும்.

பிறகு எனக்குக் கொழும்பில் வேலை கிடைத்தது. சுகவலையின் கூட்டம் இப்போது திரையில் நடக்கிறது. முப்பது பேர் சேர்கிறார்கள், வாக்கைப் பொத்தானை அழுத்திப் போடுகிறோம். வேலை வேகமாக நடக்கிறது. ஆனால் தன் வாக்கைத் தின்கிறவர் ஒருவரும் இல்லை.

போன மாதம் அக்கா எனக்குப் போன் எடுத்தார்.

"றிம்சானுக்குக் கால்ல ஆணி குத்திப் புண்ணாகி, எனக்கும் சொல்லாம அங்கத்த ஆஸ்பத்திரிக்குப் போயிரிக்கான். மருந்து எழுதப் போன டொக்டர் கணினியப் பாத்துப்போட்டு, 'ஒங்களுக்குப் பென்சிலின் ஒத்துக்காதாமே' எண்டாராம். இவன், 'ஆரு சொன்ன?' எண்டு கேட்டிரிக்கான்."

"கொப்பியக் காட்டயில்லையா அக்கா?"

"அத நிக்காஹ் முடிஞ்ச கிழமையே துலைச்சிட்டானாம். இவ்வளவு நாளும் எனக்குப் பொய் சொல்லியிரிக்கான், எரும மாடு. கொப்பி துலையட்டும் தம்பி. இனி நான் கேக்க மாட்டன்."